செவலைக்குப் பல் முளைத்த மாம்பழக் காலம்

மாசி மாதக் கடைசியில், ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவின் தோட்டத்திலிருந்து செவலையை எடுத்துவந்தோம். வைக்கோல் போரின் அடியில் பிறந்த ஆறு குட்டிகளில் அது ஒன்று. நாட்டு நாய், பெண் குட்டி, செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. அப்போது அதற்கு 40 நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் குட்டி கண் திறந்து, தட்டில் ஊற்றிய பாலை நக்கத் தொடங்கிவிட்டால் போதும், எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர்களும், சின்னஞ்சிறிதாக இருக்கும்போதே வந்தால்தான் வீட்டாரோடு ஒட்டும் என்று நம்புவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதன்பிறகு நாங்கள் பட்ட பாட்டில் பாதி, அந்த அவசரத்தால் வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

குட்டி எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் பால் மட்டும் அல்ல. ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போது ஒரு குட்டி அழுத்திக் கடித்துவிட்டால், கடிபட்ட குட்டி வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை விட்டே விலகிப் போய்விடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து நடந்துவிடும். தன் வாய்க்கு எவ்வளவு வலு இருக்கிறது, எந்த அளவைத் தாண்டினால் விளையாட்டு நின்றுபோகும் என்பதைக் குட்டி அங்கேதான், ஒரு நாளைக்கு நூறு முறை பட்டுப்பட்டுக் கற்கிறது. செவலைக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோனது. மீதியை மனிதர்களாகிய நாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அப்படி ஒரு பாடம் இருக்கிறது என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்களுக்கு மூன்று ஏக்கரில் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, வரப்போரமாகச் சில செந்தூரா மரங்கள். தோப்பை ஒட்டியே வீடு. வீட்டில் நானும் கணவரும், மாமியாரும், இரண்டாம் வகுப்பு முடித்திருந்த மகளும். செவலை வந்து ஒரு மாதத்துக்குள், இந்த நால்வரில் கீறல் படாத கையோ காலோ இல்லை என்றாகிவிட்டது. குட்டியின் பால்பல் ஊசிமுனை மாதிரி இருக்கும். பெரிய நாயின் பல்லைப் போல அழுத்திக் காயப்படுத்தாது, தொட்ட இடத்திலேயே தோலைக் கிழித்துவிடும். மாமியார் வாசல் தெளிக்கக் குனிந்தால் முந்தானையில் தொங்கும். மகள் ஓடினால் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். கோரைப்பாயின் ஓரம் முழுவதையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டுவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் அடிக்கச் சொன்னார் ஒருவர். கடித்ததும் வாயை இறுக்கிப் பிடித்து மூடச் சொன்னார் இன்னொருவர். கையில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டு நீட்டச் சொன்னவரும் உண்டு. ‘ஒரு போடு போட்டா சரியாப் போயிடும்’ என்பதுதான் எல்லாருடைய பேச்சின் சாரமும். என் கணவர் சில நாள் சுருட்டிய தாளால் அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து செவலை அவர் கையைத் தூக்கினாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. ஆனால் கடி குறையவில்லை. முன்பு விளையாட்டாக வாயில் வாங்கிய கையை, இப்போது தன்னை நோக்கி வருகிற ஆபத்து என்று எண்ணி, உறுமிவிட்டுக் கடித்தது. அடி அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: மனிதக் கை என்றால் பயப்பட வேண்டும் என்பது. பயந்த நாய் விளையாட்டுக் குட்டியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அடிக்கச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை; ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்டு நடந்த அந்த ஒரு வாரத்தைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

சித்திரையில் ஒரு நாள் மாலை, மகளின் புதுச் செருப்பைச் செவலை கவ்விக்கொண்டு போனது. அவள் துரத்திப் பிடித்து வாயிலிருந்து இழுக்க, அது உறுமிக்கொண்டே அவளுடைய வலது கையின் பெருவிரலுக்குக் கீழே கடித்துவிட்டது. இரண்டு சிறு துளைகள், இரண்டிலும் ரத்தம். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘நம்ம குட்டிதானே, பால்பல்தானே’ என்று இதை விட்டுவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். குட்டிக்கும் ரேபிஸ் வரும். செவலைக்கு அப்போது 80 நாள்கூட ஆகவில்லை. ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் போடுவார்கள் என்பதால் அதற்கு இன்னும் போடவில்லை. அதன் தாய்க்குப் போட்டார்களா என்பது சித்தப்பாவுக்கே தெரியவில்லை. மாமியார் பதறிப்போய்ச் சுண்ணாம்பு எடுக்க ஓடினார். நான் தடுத்துவிட்டு, மகளைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவினேன். அவள் அழுதாள், இருந்தாலும் நிறுத்தவில்லை. கடிவாயில் சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. கட்டுப் போட்டு மூடவும் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தம் வந்த கடி என்பதால், தடுப்பூசி மட்டும் போதாது, ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கடிவாயைச் சுற்றிச் செலுத்த வேண்டும் என்று சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தடுப்பூசியை முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்கள் என்று நான்கு தவணையும் விடாமல் போட்டோம். செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நலமாக இருக்கிறது. ஆனாலும் அந்த நான்கு பயணங்களில் ஒன்றைக்கூட நான் வீண் என்று நினைத்ததில்லை. அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து மீட்க வழி கிடையாது என்றே சொல்ல வேண்டும். ஊசி அதற்கு முன்னால் போட்டால்தான் பயன்.

அந்த வாரமே செவலையைக் கால்நடை மருந்தகத்துக்கும் எடுத்துப்போனேன். உண்மையைச் சொன்னால், இதை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்ற கேள்வியோடுதான் போனேன். மருத்துவர் இளம்பெண். மேசையில் குட்டியை நிறுத்தி, உதட்டை மெதுவாகத் தூக்கி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலும் கீழுமாகப் பால்பற்கள் மொத்தம் 28 என்றும், இவை எல்லாம் விழுந்து, கடைவாய்ப்பற்களும் சேர்ந்து 42 நிலைப்பற்கள் வரும் என்றும் சொன்னார். முதலில் மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழும். கோரைப்பற்கள் ஐந்து, ஆறு மாதத்தில். ஏழு மாதத்துக்குள் வாய் முழுக்கப் புதுப்பல்லாகிவிடும். ‘இன்னும் பல் விழவே ஆரம்பிக்கலம்மா. இப்பக் கடிக்கறது வலியால இல்ல. இனிமேத்தான் ஈறு வலி வரும். அதுக்குள்ள வீட்ல ஒரு ஒழுங்கு வந்துடணும்’ என்றார். எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, அது கோடை விடுமுறை என்பதும், காலையில் கண் விழித்தது முதல் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக அதைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்பதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, பத்து நாளைக்கு, செவலை எப்போது கடிக்கிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதிவந்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஒரு கடிக்கு ஒரு வரி. பத்தாம் நாள் படித்துப் பார்த்தபோது, கடித்த நேரங்களில் பெரும்பகுதி மாலை ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் இருந்தது. பகலில் பிள்ளைகள் வராத இரண்டு நாள்களில் மாலைக் கடி ஏறக்குறைய இல்லை. தூக்கத்துக்கு ஏங்கும் கைக்குழந்தை எப்படி எதைக் கொடுத்தாலும் வீசி எறிந்து சிணுங்குமோ, அதைத்தான் செவலை தன் வாயால் செய்துகொண்டிருந்தது. கடிக்கிற குட்டியை இன்னும் ஓடவிட்டுக் களைக்க வைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அது தலைகீழான எண்ணம்.

மாங்காய் நிரப்பும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் எங்கள் வீட்டில் எப்போதும் அடுக்கியிருக்கும். அவற்றில் எட்டை எடுத்து, திண்ணையின் நிழலான மூலையில் இரண்டு அடுக்காக வைத்து, கயிற்றால் பிணைத்து ஒரு தடுப்புக் கட்டினோம். உள்ளே ஒரு சாக்கு, மண்சட்டியில் தண்ணீர், ஒரு பக்கத்துக்கு மட்டும் பழைய வேட்டியால் மறைப்பு. ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் இரண்டு மணி நேரம் உள்ளே என்று கணக்கு வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு நாள் சிணுங்கியது. நான் கிரேட்டுக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அது என் பக்கமாக ஒட்டிப் படுத்துத் தூங்கிப்போனது. நான்காம் நாளிலிருந்து கண் சொருகும்போது தானாகவே அதற்குள் போய்ப் படுத்தது. தண்டனையாக ஒரு முறைகூட அதற்குள் தள்ளியதில்லை. அதற்கு உணவு வைத்ததும் அங்கேதான், எலும்பில்லாத கோழித் துண்டு கிடைத்ததும் அங்கேதான். பிள்ளைகளிடம், கிரேட்டுக்குள் இருக்கும்போது செவலையைத் தொடக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் போட்டேன். அதை அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகக் கடைப்பிடித்தார்கள்.

அடுத்ததாக, எங்கள் நால்வரையும் திருத்த வேண்டியிருந்தது. கடித்தால் என் கணவர் ‘ஏய்’ என்று அதட்டுவார். மாமியார் ‘ச்சீ, போ’ என்று காலால் தள்ளுவார். மகள் கத்திக்கொண்டு ஓடுவாள். நான் கையை வெடுக்கென்று இழுப்பேன். ஒரே செயலுக்கு நான்கு விதமான பதில்கள் கிடைத்தால் எந்தக் குட்டிக்கும் எதுவும் விளங்காது. அதிலும் கையை இழுப்பதும் கத்திக்கொண்டு ஓடுவதும் அதற்கு விளையாட்டின் உச்சம். ஓடுகிற பொருளைத் துரத்திக் கவ்வுவது நாயின் பிறவிக்குணம். ஒரு நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். பல் தோலில் பட்ட கணமே, கையோ காலோ அசையாமல் நிற்க வேண்டும். ‘போதும்’ என்ற ஒரே சொல்லை, சத்தம் போடாமல் சொல்ல வேண்டும். பிறகு எழுந்து கிரேட்டுத் தடுப்புக்கு மறுபக்கம் போய், அரை நிமிடம் அதன் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வர வேண்டும். கடிபட்ட குட்டியைப் போல நாமும் ‘கீச்’ என்று கத்தினால் விட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில குட்டிகளிடம் அது பலிக்கலாம். செவலைக்கு அது இன்னும் வெறியை ஏற்றியது, அதனால் கைவிட்டோம். மகளுக்கு மட்டும், ‘செவலை துள்ள ஆரம்பிச்சா நீ புளியமரம்’ என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நிற்பாள். பாவாடையை அந்த இரண்டு மாதத்துக்குப் பெட்டியில் வைத்துவிட்டு, முழுக்கால் சட்டை போட்டுவிட்டேன்.

இதில் கடினமான பகுதி செவலை அல்ல, விருந்தாளிகள். வருகிறவர்கள் ‘பரவாயில்ல, குட்டிதானே’ என்று விரலை அதன் வாயில் கொடுத்து விளையாடுவார்கள். பத்து நாள் பாடுபட்டது பத்து நிமிடத்தில் போய்விடும். சங்கடப்பட்டாலும் சொல்லிவிட வேண்டியதுதான். என் அண்ணனிடமே, ‘அண்ணா, கையக் குடுக்காதீங்க, இந்தத் துண்டக் குடுங்க’ என்று சொன்னேன். அவருக்கு முதலில் முகம் சுருங்கியது; அடுத்த முறை வந்தபோது அவரே துண்டைக் கேட்டு வாங்கினார்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசி நடுவில் செவலைக்கு முன்பற்கள் ஆடத் தொடங்கின. ஈறு சிவந்து தடித்திருந்தது; சோற்றை மெல்லாமல் விழுங்கியது; கட்டில் கால், கதவு நிலை, துடைப்பக்கட்டை என்று எது கிடைத்தாலும் வாயை வைத்து அழுத்தியது. இந்தக் கட்டத்தில் கடிக்காதே என்று சொல்வதில் பொருளே இல்லை. கடித்துத்தான் ஆக வேண்டும், அதனால் எதைக் கடிப்பது என்பதை நாம் முடிவு செய்து கையருகே வைத்திருக்க வேண்டும். பழைய ஈரிழைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். இரண்டு துண்டுகள் மாறி மாறி உள்ளே இருக்கும். மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது நோட்டில் எழுதியிருந்த நேரம் வருவதற்கு அரை மணி முன்னதாகவே, ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன். முன்னங்கால் இரண்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஈறை அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி ஈறின் வீக்கத்தையும் வலியையும் மரக்கச் செய்கிறது. நூல் பிரியத் தொடங்கியதும் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் விழுங்கிய நூல் குடலில் சிக்கிக்கொள்ளும். இதே காரணத்தால் தேங்காய் மட்டையையும் நான் நிறுத்திவிட்டேன். அதற்கு மட்டை மிகவும் பிடித்திருந்தது, ஆனால் நாரைத் துப்பாமல் விழுங்கியது.

எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ் அன்றாடம் உண்டு. உப்புப் போடுவதற்கு முன்பே செவலைக்கென்று ஒரு கரண்டி எடுத்துவைத்து, மோர் கலந்து, சின்னக் கிண்ணத்தில் உறையவைத்துத் தட்டி எடுத்துத் தட்டில் வைத்துவிடுவேன். நக்கியும் கொறித்தும் அது தீர்வதற்கு இருபது நிமிடம் ஆகும். ஒரு எச்சரிக்கை: கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் ஒன்றை எடுத்து நாய்க்கும் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பச்சையானாலும் வெந்ததானாலும் ஆகாது. திராட்சையும் அப்படியே, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரட்டை முழுசாகக் குளிரவைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். சிறிதானதும் வாங்கிவிட வேண்டும்.

எலும்பு விஷயத்தில் மாமியாருக்கும் எனக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. நாய்க்கு எலும்பு போடாமல் எப்படி என்பது அவர் கேள்வி. வெந்த எலும்பு உடையும்போது ஈட்டி மாதிரிச் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும்; வேகாத கால் எலும்பு மிகவும் கெட்டியாக இருந்தால் பல்லையே உடைக்கும். மருத்துவர் சொன்ன அளவுகோல் எளிமையானது: கொடுக்கப்போகும் பொருளை நம் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும், நகம் பதியாவிட்டால் அது குட்டியின் பல்லுக்கு ஆகாது. கிருஷ்ணகிரியில் வாங்கிய ரப்பர் வளையத்தை அப்படி அழுத்திக் காட்டியபோது மாமியார் ஒப்புக்கொண்டார். பிறகு அவரே சந்தையில் எதைப் பார்த்தாலும் நகத்தால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்.

நான் செய்த இன்னொரு தவறையும் எழுதிவிடுகிறேன். கடிக்கட்டும் என்று ஒரு பழைய செருப்பை நானே அதற்குக் கொடுத்திருந்தேன். பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் உள்ள வேறுபாடு நமக்குத்தான் தெரியும். குட்டிக்கு இரண்டும் ஒரே வாசனை, ஒரே தோல். மகளின் கையைக் கடித்த அந்த மாலை நிகழ்ச்சிக்கு அந்தப் பழைய செருப்பும் ஒரு காரணம். அதன்பிறகு எல்லாச் செருப்பும் சுவரில் ஆணி அடித்து இடுப்பளவு உயரத்தில் தொங்கின. வாயில் எதையாவது கவ்விவிட்டால் துரத்துவதையும் பிடுங்குவதையும் அறவே நிறுத்தினோம். அவித்த முட்டையின் சிறு துண்டை மூக்கருகே நீட்டி, ‘விடு’ என்போம்; முட்டைக்காக வாயைத் திறக்கும், கவ்வியது கீழே விழும், முட்டை அதற்கு, பொருள் நமக்கு. பல முறை, பொருளைப் பார்த்துவிட்டு அதனிடமே திருப்பிக் கொடுத்தும்விடுவோம். விட்டால் இழப்பு இல்லை என்று தெரிந்த பிறகு உறுமல் படிப்படியாகக் குறைந்து, ஆனி மாதத்தில் அடியோடு நின்றது.

இந்த ‘விடு’ எங்கள் வீட்டில் வெறும் ஒழுக்கப் பாடம் அல்ல, உயிர்காக்கும் பாடம். செவலைக்குப் பல் முளைத்த மாதங்கள் அப்படியே மாங்காய் அறுவடை மாதங்கள். மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூராவும், மண்டிக்குப் போகும் செந்தூராவும் வீட்டு வாசலில்தான் தரம் பிரிப்போம். ஆள்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை ஓரமாகப் போடுவார்கள். ஈறு ஊறும் குட்டிக்கு மாங்கொட்டையைவிடச் சுகமான பொருள் கிடையாது: இனிப்பு, நார், உள்ளே கெட்டி. ஆனால் அதை விழுங்கினால் வெளியே வராது. பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி விழுங்கி, மூன்று நாள் வாந்தி எடுத்து, தண்ணீர்கூடத் தங்காமல், கடைசியில் தொப்பூர் கணவாய் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை தூக்கிப்போய் வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தார்கள். தொடர்ந்த வாந்தி, சாப்பிட மறுத்தல், மலம் கழியாமை, வயிற்றைத் தொட்டால் முனகுதல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தரம் பிரிக்கும் இடத்தில் மூடி போட்ட ஒரு டிரம் வைத்து, கொட்டை அதில்தான் விழ வேண்டும் என்று ஆள்களிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று சொன்னதும் எல்லாரும் ஒத்துழைத்தார்கள்.

தோட்ட வீட்டுக்காரர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மரத்துக்கு உரமாக வைக்கும் ஆமணக்குப் புண்ணாக்கின் வாசனை நாயை இழுக்கும், ஆனால் அது கொடிய நஞ்சு. மண்ணுக்குள் இட்ட பிறகும் தோண்டித் தின்னும். அந்த ஆண்டு நாங்கள் அதை வாங்கவே இல்லை, மாட்டெருவோடு நிறுத்திக்கொண்டோம். வேலியோரத்து அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும். வாசல் பக்கம் இருந்த ஒரு செடியை வேரோடு எடுத்துவிட்டோம். எலி மருந்து, பூச்சிமருந்துப் புட்டி, மின் ஒயர் ஆகியவற்றைத் தவழும் குழந்தைக்கு எட்டாமல் எப்படி வைப்போமோ அப்படி வைத்தால் போதும்.

சொட்டுநீர்க் குழாயில்தான் எங்களுக்கு அதிக நட்டம். வரப்போரத் தக்காளிக்குப் போட்டிருந்த 16 மில்லிமீட்டர் பக்கக்குழாயை, தண்ணீர் ஓடும் நேரம் பார்த்து ஒரே காலையில் ஏழு இடத்தில் கடித்துவிட்டது. என் கணவர் அன்று மிகுந்த கோபத்தில் இருந்தார். ஆனாலும் கையை ஓங்கவில்லை. குழாயை வெட்டி ஜாயினர் போட்டுக்கொண்டே, ‘நாமதான் அவிழ்த்து விட்டுட்டோம்’ என்றார். குழாயில் வேப்பெண்ணெய் தடவலாமா என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, நக்கி உள்ளே போனால் அதுவே கெடுதல் என்று மறுத்துவிட்டார். அதனால் வழி ஒன்றுதான்: ஆறு மாதம் முடியும் வரை தோட்டத்துக்குள் தனியாக விடுவதில்லை. நீளமான பருத்திக் கயிற்றின் ஒரு முனை என் கணவரின் இடுப்பில், மறு முனை செவலையின் கழுத்துப்பட்டையில். அவர் பாத்தி பார்க்கப் போனால் அதுவும் கூடவே போகும். குழாய்ப் பக்கம் மூக்கு போனால் ‘விடு’, திரும்பிப் பார்த்தால் முட்டைத் துண்டு. இருவருக்கும் இடையே கெட்டுப்போயிருந்த உறவு அந்தக் கயிற்றில்தான் ஒட்டியது.

முதல் பல் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. பெரும்பாலும் குட்டிகள் பல்லை உணவோடு விழுங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. துண்டில் இளஞ்சிவப்பாக ரத்தக் கறை தெரியும்போது பயந்தோம். இரண்டொரு சொட்டு என்றால் இயல்பு, விடாமல் வழிந்தால்தான் காட்ட வேண்டும். ஒரு நாள் மகள் கிரேட்டுக்குள் சாக்கை உதறும்போது அரிசிக் குருணை போல ஏதோ கீழே விழ, உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிறு முன்பல், நுனியில் மூன்று மேடுகள், அடியில் வேர் கரைந்து வெறும் குழியாக இருந்தது. அந்த வாரம் அவளுக்கும் மேல்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் அதைத் தள்ளியபடியே, ‘அம்மா, செவலைக்கும் இப்படித்தான் நமநமன்னு இருக்குமா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறகு, துண்டை ஃப்ரீசரில் வைக்க நான் மறந்த நாளிலும் அவள் மறந்ததில்லை. மாமியார் அவள் பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரை மேல் எறியச் சொன்னபோது, செவலையின் பல்லையும் அதே உருண்டையில் வைத்துத்தான் எறிவேன் என்று நின்று, அப்படியே எறிந்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. பகல் தூக்கம் முழுசாகக் கிடைத்தது. நோட்டில் ஒரு வாரத்துக்கு இரண்டு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. ஆடியில் கோரைப்பற்கள் விழுந்தபோது நான்கைந்து நாள் மீண்டும் எல்லாவற்றையும் கடித்தது. பழைய நிலைக்கே போய்விட்டதோ என்று கலங்கினேன், ஆனால் மனிதத் தோலில் பல் படவில்லை என்பதைக் கவனித்தேன். கட்டில் காலைத்தான் கடித்தது.

ஏழு மாதம் நெருங்கும்போது மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரே இடத்தில் இரண்டு கோரைப்பற்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தேன். புதுப்பல் வந்துவிட்டது, பழைய பால்பல் விழவில்லை. அப்படியே விட்டால் இரண்டுக்கும் நடுவே உணவு தங்கி ஈறு கெடும், புதுப்பல்லும் கோணலாகும் என்பதால், கருத்தடை அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோதே அதையும் மருத்துவர் எடுத்துவிட்டார். வாரம் ஒரு முறையாவது உதட்டைத் தூக்கிப் பார்க்கப் பழக்கியிருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. எடுத்த பல்லை ஒரு பஞ்சில் வைத்துக் கொடுத்தார். வெளியே தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு வேர் இருந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சாணம் எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். கழுத்தில் காயம் நக்காமலிருக்கக் கட்டிய வளையத்தோடு செவலையும் அவள் பின்னாலேயே போனது.